ஆற்காட்டுப் பாலத்துக்கு நாங்கள் போகாத ஞாயிறு

என் கணவரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். நடக்கவிருந்த ஒரு சைக்கிள் பந்தயத்தை, நின்றுபோய்விட்டது என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

இதற்கா இவ்வளவு பீடிகை என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டே படியுங்கள். பதின்மூன்று வருடமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது... சொல்ல வேண்டியவரோ அடுத்த அறையில் தறியில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் எங்கள் வீடு. ஆரணியில் இருக்கும் முதலாளி, தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலும் பட்டும் கொடுப்பார். நாங்கள் வீட்டில் நெய்து கொடுப்போம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்கு ஓர் ஆள் போதாது. அவர் நடுவில் உட்கார்ந்து நெய்வார். ஓரக் கரைக்கு ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடாவை நான் பக்கத்தில் உட்கார்ந்து தள்ளுவேன். ஒருவர் எழுந்தால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எங்களுக்குள் சண்டை வந்தாலும் முழங்கை இடிக்கும் தூரத்தில்தான் கோபித்துக்கொள்ள முடியும்.

என் கணவர் பெயர் தாமோதரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். நெய்த சேலையை மடித்துப் பையில் வைத்துச் சைக்கிளில் ஆரணிக்குக் கொண்டுபோவார். வழியில் டவுன் பஸ்ஸைப் பார்த்துவிட்டால் மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். முந்தியே தீருவார். கண்டக்டர்கள் படியில் தொங்கிக்கொண்டு அவரை உசுப்பேற்றுவார்கள். வீட்டுக்கு வந்து, வேர்வை வழிய, "இன்னிக்கும் தோத்துட்டான்" என்பார்.

ஆரணிக்குக் கேபிள் டிவி வந்த புதிதில், கேபிள்காரர் கடையில் நின்று அவர் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். ஏதோ ஒரு வெளிநாட்டில், மலைமேல், நூறு பேர் சைக்கிளில் ஏறுகிறார்களாம். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனங்கள் திருவிழாவுக்கு நிற்பதுபோல் நிற்கிறார்களாம். அன்றைக்கு அவரால் சாப்பிட முடியவில்லை.

"அவனுங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்களாம்மே, சைக்கிள் ஓட்டறதுக்கு. மாசச் சம்பளம். நம்பள எவனாவது கூப்ட்டு, இந்தா தாமோதரா, நீ ஓட்டிகினே இருன்னு சொன்னானா?"

"சொன்னா தறிய யாரு ஓட்டறது?" என்றேன்.

"நீதான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஆடி மாதம் வந்தால் சாயங்காலம் கேபிள்காரர் கடைதான். எனக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, சோறு ஆறிப்போகும்வரை சொல்வார். எனக்குப் பாதி புரியாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஒரு பந்தயம். வெளிநாட்டு வீரர்கள், சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களே, வருகிறார்கள். போகும் வழி ஆற்காடு. முதலாளி வீட்டில் கிடந்த இங்கிலீஷ் பேப்பரில் சைக்கிள் படத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்தார். நான் பன்னிரண்டாவது படித்தவள். விரலை வைத்து வைத்துப் படித்துச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் "மறுபடி சொல்லு" என்றார்.

எங்கள் வீட்டில் இங்கிலீஷுக்கு நான்தான் கண். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் குற்றம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு மாதம் அவர் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போட்டார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ்ஸில் ஆற்காடு போய், எங்கே நிற்பது என்று பார்த்துவிட்டே வந்தார். நேர் ரோட்டில் நின்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுவார்கள். பாலாற்றுப் பாலம் இறங்கித் திரும்புகிற இடத்தில் வேகத்தைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். அங்கே நின்றால் முகத்தைப் பார்க்கலாம். வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தார்.

"பஸ்ஸுல போவலாங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"சைக்கிள் பந்தயம் பாக்க பஸ்ஸுல போனா அவனுங்க நம்பளப் பாத்துச் சிரிப்பானுங்க. கேரியர்ல குந்து. ஜல்தியா கூட்டினு போயிடறேன்."

நான் பஸ் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது நான்கு வருடம். அதற்கு முந்தின வருடம் ஒருமுறை பத்து நாள் தள்ளிப்போனதும் அவசரப்பட்டு வாயைத் திறந்துவிட்டேன். தெருவே வந்து விசாரித்தது. அவர் ஆரணியிலிருந்து ஆப்பிள் வாங்கி வந்தார். இரண்டு நாளில் எல்லாம் பொய்யாகிப்போனது. அந்த ஆப்பிளை வெட்டிச் சாப்பிட்ட வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் இந்த முறை யாரிடமும் மூச்சு விடவில்லை. அவரிடமும்.

எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. பந்தயம் போனதும் அந்த ஊர் இனிப்பான மக்கன்பேடா வாங்கச் சொல்லி, அதை அவர் வாயில் வைக்கும் நேரத்தில் சொல்லிவிட வேண்டும். அதற்குள் இரண்டரை மாதம் ஆகிவிடும். அவருடைய நல்ல நாளிலேயே என்னுடைய நல்ல சேதியும் சேர்ந்துகொள்ளட்டும் என்று... எத்தனை முறை அதை மனதில் நடத்திப் பார்த்தேன் தெரியுமா? கேரியரைப் பற்றிப் பயம் இருந்தது. மெதுவாக ஓட்டச் சொல்லலாம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு சிக்கல் வந்தது. ஊருக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை. நெசவாளிக்கு அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்குத் தறியில் கை வைக்க மாட்டோம். அந்த மாதம் அமாவாசை திங்கட்கிழமை வந்தது. பந்தயம் அதற்கடுத்த ஞாயிறு. கல்யாணத்துக்கான சேலை ஒன்று தறியில் இருந்தது. சனிக்கிழமைக்குள் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நாள் குறைந்தது.

"அமாவாசையில நெய்ஞ்சிட்டா?" என்றார்.

நான் தலையாட்டினேன். கட்டாயத்தால் அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர் சந்தோஷம் எனக்கும் தொற்றியிருந்தது.

தெருவில் ஒரு தறியும் ஓடாத அந்தக் காலையில் எங்கள் தறி மட்டும் லொடக்கு லொடக்கென்று ஓடியது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாடி இது, அமாவாசையும் அதுவுமா நாடாவத் தொட்டுகினு... குடும்பத்துக்கு ஆவுமா?"

"ஆவும் ஆவும், நீ போக்கா" என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

புதன்கிழமை காலையில் எனக்கு உதிரம் பட ஆரம்பித்தது.

அன்றைக்கு ஊருக்குத் தடுப்பூசி போட நர்சம்மா வரும் நாள். பால்வாடிப் பின்புறம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். வயிற்றைப் பார்த்தார், கேள்வி கேட்டார், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். நான் அமாவாசையைச் சொன்னேன். தறியைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அமாவாசையும் இல்ல, தறியும் இல்லம்மா. ஆரம்பத்துல சிலது நிக்காது. எத்தனையோ பேருக்கு நடக்குது. உன் தப்பும் இல்ல, உன் வூட்டுக்காரர் தப்பும் இல்ல. அவர்கிட்ட சொல்லிட்டுப் படுத்து ரெஸ்ட் எடு. நிக்கலன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

இதை ஏன் வார்த்தை வார்த்தையாகச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்காக. என் கணவர் மேல் தப்பில்லை என்று தெரிந்துகொண்டுதான் நான் அடுத்த காரியத்தைச் செய்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். தறியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். "இன்னா, வூட்ல இல்லியா?" என்றார். மாதவிலக்கா என்று கேட்கும் எங்கள் வீட்டு வழக்கம் அது. அந்த மூன்று நாள் நான் தறியைத் தொடுவதில்லை. நான் பேசாமல் நின்றேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"இப்பத்தான் வரணுமா இது? பேஜாராப் போச்சே. ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியணுமேம்மே..."

அவ்வளவுதான் சொன்னார்.

அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தெரியாத மனிதர் தெரியாமல் சொன்ன வார்த்தை. ஆனால் நான் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நின்ற இடத்தில் அந்த வார்த்தை வந்து விழுந்தது. உள்ளே போய்ப் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்தேன். என் வாய் அன்றைக்கு மூடியதுதான்.

அடுத்த மூன்று நாளும் அவர் ஒரே ஆளாக அந்தச் சேலையை நெய்தார். இந்தப் பக்க நாடாவைத் தள்ளிவிட்டு, எட்டி நகர்ந்து, அந்தப் பக்க நாடாவையும் அவரே தள்ளினார். ஒரு இழைக்கு இரண்டு முறை நகர வேண்டும். நடுவில் எழுந்து வந்து சோறு வடித்தார். கேழ்வரகுக் கூழ் காய்ச்சி எனக்குச் சொம்பில் கொடுத்தார். "வயிறு ரொம்ப நோவுதா?" என்று கேட்டார். கேட்கும்போதெல்லாம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும், ஞாயிற்றுக்கிழமைக்காகத்தானே இவ்வளவும் என்று எனக்குள் ஒன்று சொன்னது.

சனிக்கிழமை மத்தியானம் சேலையைக் கொடுத்துவிட்டுக் கையில் புது இங்கிலீஷ் பேப்பரோடு வந்தார். வந்ததும் வராததுமாகத் தலையணை ஒன்றை எடுத்துச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்ட ஆரம்பித்தார்.

"ஒடம்பு நோவுது இல்ல, அதான். இதுமேல குந்து. சிமெண்டு ரோட்ல போற மாதிரி இருக்கும். பேப்பரப் படிச்சி, பாலத்தாண்ட எத்தினி மணிக்கு வரானுங்கன்னு பாரு."

நான் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன். படம் போட்டிருந்தார்கள். எந்த ஊரை எத்தனை மணிக்குக் கடப்பார்கள் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. ஆற்காடு, பத்து மணி வாக்கில். நன்றாகப் படித்தேன்.

"நின்னுபோச்சாங்க" என்றேன்.

அவர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இன்னாது?"

"பந்தயம். பர்மிஷன் கெடைக்கலயாம். அடுத்த வருஷம் வெப்பாங்கன்னு போட்டுகீது."

அடுத்த வருஷம்! அதை யார் கேட்டார்கள்? ஒரு பொய் போதாதென்று அதற்கு ஒரு நம்பிக்கையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கு கசக்கிறது.

"நின்னுபோச்சா..." என்று இரண்டு முறை சொன்னார். பேப்பரை வாங்கிப் படத்தைப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தால்கூட அவருக்கு அந்த எழுத்து ஒன்றுதான். திருப்பி என்னிடமே கொடுத்தார். கட்டிய கயிற்றை மெதுவாக அவிழ்த்தார்.

"நல்லதுக்குத்தான். இந்த ஒடம்போட உன்ன அம்மாந்தூரம் கேரியர்ல இட்டுகினு போயிருப்பேன் பாரு, புத்தி கெட்டவன்."

என்னைச் சமாதானப்படுத்தினார். என்னை!

ஏன் செய்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பல வருடம் நானே யோசித்திருக்கிறேன். சில நாள், அந்தப் பாலத்தருகே போய் நிற்க என்னால் முடிந்திருக்காது என்று சொல்லிக்கொள்வேன். மக்கன்பேடாவும் கையுமாக அவர் நிற்க, சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் நான் நிற்பதை என்னால் தாங்க முடியாது... இது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதி என்னவென்றால், எனக்கு ஒன்று போய்விட்டது, அவருக்கும் ஒன்று போகட்டும் என்று நினைத்தேன். ஏன் போனது என்றுகூட அவருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். என் கணவரை நான் தண்டித்தேன்.

மறுநாள் காலை அவர் குழாயடியில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தோசை வார்த்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதே முக்கால். பத்து. பத்தே கால். கல்லில் தோசை கருகியது. இந்நேரம் வாலாஜாவைத் தாண்டியிருப்பார்கள், இந்நேரம் பாலத்தில் ஏறியிருப்பார்கள்... அவர் உள்ளே வந்து தட்டின் முன் உட்கார்ந்தார்.

"நின்னுபோவாம இருந்தா இந்நேரம் பாத்துகினு இருப்போம்" என்றார். கருகிய தோசையை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை புதுப் பாவு பிணைக்கும் வேலை. இரண்டு நாள் அவர் வெளியே போகவில்லை. பேப்பரில் வந்திருக்கக்கூடிய படம் அவர் கண்ணில் படவில்லை. தப்பித்தேன் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த வருடம் அவர் கேட்டார். நான் உண்மையாகவே பேப்பரில் தேடினேன். வரட்டும், வந்தால் முட்டி தேய நடந்தாவது அவரைக் கூட்டிப்போகிறேன் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டு தேடினேன். அந்தப் பந்தயம் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. மூன்றாவது வருடம் அவர் கேட்பதை விட்டுவிட்டார். கேபிள்காரர் கடைக்குப் போவதும் குறைந்தது.

எங்களுக்கு வேறு பிள்ளை உண்டாகவில்லை.

வருடங்கள் போகப்போக அவர் வீட்டார் வேறு கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். அவருடைய அத்தை என்னை வைத்துக்கொண்டே கேட்டார். இவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "கோளாறு எங்கிட்டதான் அத்தே. அவள ஒண்ணியும் சொல்லாதீங்க" என்றார்.

என்னைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை அது. எந்த டாக்டரிடமும் அவர் போனதில்லை. ஆனால் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். ஒருமுறை தறியில் உட்கார்ந்திருக்கும்போது, நூலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"எனக்குத்தான் இல்ல, இல்லியாம்மே?"

"சும்மா நெய்ங்க" என்றேன்.

ஒரு வார்த்தையில் அவர் பாரத்தை இறக்கியிருக்கலாம். இருந்ததுங்க, நமக்கு ஒண்ணு இருந்தது என்று... ஆனால் அதைச் சொன்னால் எப்போது என்று கேட்பார். எந்த மாதம் என்று கேட்பார். ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். நான் பயந்தேன். என் பயத்துக்கு அவருடைய ஆண்மையை விலையாகக் கொடுத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் தேவிகாபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எங்கள் எதிரே உட்கார்ந்தவர் ஆற்காட்டில் டயர் கடை வைத்திருப்பவர். பேச்சு சைக்கிளில் வந்து நின்றது.

"ஒருவாட்டி எங்க பாலத்து மேலயே வெள்ளக்காரனுங்க பந்தயம் வுட்டானுங்க சார். பத்து வருஷம் இருக்கும். அமாவாசைக்கு அடுத்த ஞாயித்துக்கெழம. நல்லா ஞாபகம் கீது. வளைவுல ஒருத்தன் என்னப் பாத்துக் கைகூட ஆட்னான்."

இவர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ரசம் கேட்டு வாங்கி, மெதுவாகப் பிசைந்து சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்கு இடம் விட்டார். பஸ் போளூர் ரோட்டுக்கு வந்தது. பிறகு சொன்னார்:

"அவரு வேற எதையோ சொல்றாரு போல."

"ஆமாங்க" என்றேன்.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் எனக்கு ஒரு வழியைத் திறந்துவைத்தார். நான் அதில் நுழைந்து ஓடிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. பெண்டாட்டி தன்னோடு வெளியே வரப் பிடிக்காமல் ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்திருப்பாரோ? கேலி செய்ய நினைத்தேன் என்று எண்ணியிருப்பாரோ? எதை நினைத்துக்கொண்டு இத்தனை நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து நெய்கிறார்?

மன்னிப்புக் கேட்க வேண்டுமானால், அவரிடம் முதலில் ஒரு பிள்ளையைக் கொடுத்து, அதே மூச்சில் பிடுங்கிக்கொள்ள வேண்டும். ஐம்பதை நெருங்குகிற மனிதருக்கு இதைச் செய்யலாமா? செய்யாமல் இருப்பது இரக்கமா, இல்லை, இதுவும் என் பழைய கோழைத்தனம்தானா? உங்களுக்குத் தெரிந்தால் நல்லது. எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் தேசூரில் அவர் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் இல்லாத குழந்தை; மடியில் வைத்துக்கொள்ள ஆள் தேடினார்கள். இவர் ஆசையாக முன்னால் போய்க் கையை நீட்டினார். யாரோ ஒரு கிழவர், "பிள்ளை பெத்தவன் மடியில வைங்கடா" என்றார். இவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, சிரித்தபடியே, "ஆமாமா, அவரு சொல்றது சரிதான்" என்று ஒதுங்கி நின்றார்.

நான் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.